கவாத்து நேரத்தில் செயின்சா கிளம்பவில்லையா?

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம் பகுதி மாந்தோப்புகளில் அறுவடை முடிந்து கவாத்துக்காக (கிளைகளை வெட்டிவிடுவதற்காக) பெட்ரோல் செயின்சாவை, அதாவது சங்கிலி ரம்பத்தை, வெளியே எடுக்கும்போது, எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் அது கிளம்பாமல் போவதற்குப் பெரும்பாலும் பழைய பெட்ரோலே காரணமாக இருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், ஒரு மாதத்துக்கு மேல் டேங்கில் கிடந்ததை வடித்துவிட்டு, கையேட்டில் உள்ள அளவில் (50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில்) புதிதாகக் கலந்து ஊற்றுங்கள்.

அதன் பிறகும் கிளம்பாவிட்டால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல சோதனை வேறில்லை. பிளக் நனைந்திருந்தால், சோக்கை (காற்றைக் குறைத்து எரிபொருளைக் கூட்டும் அடைப்பை) போட்டபடியே பலமுறை இழுத்ததால் எரிபொருள் உள்ளே நிரம்பிவிட்டது என்று பொருள். பிளக்கைத் துடைத்து உலரவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக் துளை முகத்துக்கு நேராக இல்லாதவாறு திருப்பி வைத்துக்கொண்டு ஐந்தாறு முறை கயிற்றை இழுத்தால் உள்ளிருக்கும் பெட்ரோல் வெளியேறிவிடும். பின்னர் பிளக்கை மாட்டி, சோக் இல்லாமல் இழுங்கள். பிளக் காய்ந்திருந்தால் டேங்கினுள் இருக்கும் எரிபொருள் வடிகட்டியையும், அதற்கடுத்துக் கார்புரேட்டரையும் பார்க்க வேண்டும். மரத்தூள் படிந்த காற்று வடிகட்டியையும் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். செயின் பிரேக்கை (சங்கிலி சுழலாமல் பிடித்து நிறுத்தும் தடையை) போடாமல் கயிற்றைத் தொடவே வேண்டாம்.