சுட வச்சா சரியாயிருமா? கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஆக்கிப் போடுதவங்களுக்கு

எங்க அக்கா மக கல்யாணம் முடிஞ்ச மறுநாள் சொதிச் சாப்பாடு, தேங்காப்பால்ல பாசிப்பருப்பும் காயும் போட்டு வைக்குத கொழம்பு. நம்ம திருநவேலி பக்கம் கல்யாணத்த விட சொதிக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி, சொல்லவே வேண்டாம். சமையல் பண்ணுத தவசுப்பிள்ளைக்கு அன்னைக்கு இன்னொரு வீட்லயும் வேல, அதனால விடியக்காலம் அஞ்சு மணிக்கே மொத்த சோத்தையும் வடிச்சு, ஓலப்பாயில அம்பாரமா கொட்டி, வெள்ள வேட்டிய போட்டு மூடிட்டு போயிட்டாரு. "சோறு சூடாவே இருக்கும், கவலப்படாதீங்க"ன்னாரு. நாந்தான் சரின்னு தலைய ஆட்டுனேன், அதனால அவர மட்டும் குத்தம் சொல்ல முடியாது. பந்தி பன்னெண்டரைக்கு. மூணு மணிக்கு மொத பிள்ள வாந்தி எடுத்துச்சு, அஞ்சு மணிக்குள்ள வீட்டுல பாதி பேரு வாளியும் கையுமா உக்காந்துட்டாவ.

எல்லாரும் சொதி மேலதான் பழிய போட்டாவ, தேங்காப்பால்ல, சீக்கிரம் ஊசிப்போயிரும்னு. ஆனா எங்க சித்தப்பாவுக்கு தேங்கா ஆகாது, சொதிய தொடவே இல்ல, ரசமும் தயிரும் ஊத்தி சாப்ட்டாவ, அவியளுக்கும் அதே வாந்தி. டாக்டரு ரெண்டே கேள்விதான் கேட்டாரு. எத்தன மணிக்கு சாப்ட்டீங்க, சோறு எத்தன மணிக்கு வடிச்சது. காய்ச்சல் இல்ல, ரெண்டு மூணு மணி நேரத்துல வாந்தி, அப்ப பெரும்பாலும் சோறுதான்னாரு.

அதுக்கு பொறவு நம்ம வீட்டு விசேஷம், ஊரு கோயில் திருவிழாவான கொடை எதுவானாலும் ஆக்குப்பொரையில நான் கைல கடிகாரத்தோட நிக்கேன், எல்லாரும் கிண்டல் பண்ணுதாவ. பண்ணட்டும். நான் படிச்சு கேட்டு தெரிஞ்சுக்கிட்டத இங்கன எழுதுதேன், உங்க வீட்டுல ஆக்கிப் போடுதவங்களுக்கு ஆகும்.

மொதல்ல ஒண்ண தெளிவா வச்சுக்கிடுங்க. கொதிச்சா கிருமி சாவும், அது வாஸ்தவம். ஆனா சில கிருமி விதை மாதிரி ஒண்ணா மாறி கொதிக்கிற தண்ணிலயும் உயிரோட கிடக்கும், சூடு குறைஞ்சு வெதுவெதுன்னு ஆனதும் முளைக்கும். இன்னும் சிலது உக்காந்து தின்னுட்டு விஷத்த கக்கிட்டு போயிரும், பொறவு நீங்க எவ்வளவு கொதிக்க வச்சாலும் கிருமிதான் சாவும், விஷம் அப்படியே இருக்கும். சோத்துல வாரது பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா, வயக்காட்டு மண்ணுல இருந்து அரிசியோடயே வருது. அது கக்குத வாந்தி விஷம் 121 டிகிரி சூட்டுல ஒண்ணரை மணி நேரம் வச்சாலும் அழியாது. நம்ம வீட்டு குக்கருக்குள்ளயே சூடு சுமாரா 120தான். அப்ப மத்தியானம் வர வெதுவெதுன்னு கிடந்த சோத்த சாயங்காலம் ஆவில வச்சு சூடாக்கி போட்டா என்ன பிரயோஜனம், நீங்களே சொல்லுங்க.

5 டிகிரில இருந்து 60 டிகிரி வர உள்ள சூடுதான் கிருமிக்கு கொண்டாட்டம். அதுக்கு கீழ குளிர்ல தூங்கும், இல்லன்னா ரொம்ப மெதுவா வளரும், மேல போனா வளர முடியாது. நடுவுல நல்ல வசதி கிடைச்சா 20 நிமிஷத்துக்கு ஒருக்க ரெண்டா பெருகும். ஒண்ணு ரெண்டாகி நாலாகி ஒரு மணி நேரத்துல எட்டு, கேக்க சின்ன கணக்கா இருக்கும், ஏழு மணி நேரம் கழிச்சு பாத்தா இருவது லட்சத்துக்கு மேல. அன்னைக்கு எங்க சோறு அஞ்சு மணில இருந்து பன்னெண்டரை வர கிடந்துச்சு.

அப்ப அல்வா மட்டும் ஏன் கெடல? நெல்லை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி பூரா பையில கிடந்து மெட்ராசுக்கு போனாலும் அல்வாவுக்கு ஒண்ணும் ஆகாது, அதே பையில தேங்கா சட்னிய வச்சு விட்டா விடிய எக்மோர்ல மூக்க பொத்திக்கிட்டுதான் திறக்கணும். அல்வாவுல சீனியும் நெய்யும்தான் நிறைய, இருக்குத தண்ணிய சீனி இறுக்கி பிடிச்சு வச்சுக்கிடும், கிருமிக்கு குடிக்க மிஞ்சாது. புளிக்கொழம்பு, ஊறுகாய்க்கு புளிப்பு காவல். சொதிக்கு ரெண்டும் இல்ல. தேங்காப்பால், பாசிப்பருப்பு, காய், எல்லாம் சத்து, புளிப்பு கடைசில பிழியுத எலுமிச்சம்பழம் மட்டும்தான். அதனால எந்த ஐட்டத்துக்கு அவசரம், எது கிடக்கட்டும்னு இத வச்சே பிரிச்சிரலாம். சோறு, சொதி, கறி, மீன், முட்டை, பால், தேங்கா அரைச்சு விட்ட அவியல் கூட்டு, இதெல்லாம் அவசர சாமான். அப்பளம், வத்தல், அல்வா, லட்டு, ஊறுகாய முந்தின நாளே முடிச்சு வச்சுக்கிடுங்க.

சமையல் பிளான பந்தி நேரத்துல இருந்து பின்னால எண்ணி போடணும். தவசுப்பிள்ளை வாரது அவரு சௌகரியத்துக்குன்னு விட்டா கத கெட்டுச்சு. மொத பந்தி பன்னெண்டரைன்னா சோறு மொத ஈடு பதினொன்னரைக்கு மேலதான் வடிக்கணும், ரெண்டாம் ஈடு பந்தி நடக்கும்போது, மூணாவது ஆள எண்ணிட்டு. தேங்காப்பால் புழிய வேண்டியது பத்து மணிக்கு மேல, காலைல நாலு மணிக்கே புழிஞ்சு குத்துப்போணில வச்சா அது பாதி கெட்ட மாதிரிதான். பொதுவா ஆக்குனத வெளிய 2 மணி நேரம் வைக்கலாம்பாங்க, ஆனா வெயிலு 32 டிகிரிய தாண்டிட்டா 1 மணி நேரம்தான் கணக்கு. நம்மூர்ல சித்திர வைகாசில எப்ப 32க்கு கீழ இருந்திருக்கு? சோத்த அம்பாரமா குவிக்காதீங்க. ஒரு தடவ குவிச்ச சோத்துக்கு நடுவுல கைய விட்டு பாருங்க, மேல ஆறிப்போயிருக்கும், உள்ள நாலு மணி நேரம் கழிச்சும் கோழிக்கூட்டுக்குள்ள கைய விட்ட மாதிரி கதகதன்னு இருக்கும், அதேதான் கிருமிக்கும் குஞ்சு பொரிக்கிற சூடு. ஹாட் பாக்ஸ் இருந்தா கொதிச்ச சூட்டோட அதுல போட்டு இறுக்கி மூடுங்க, 60க்கு மேல நிக்கும்.

தண்ணி. லாரி தண்ணியோ போர் தண்ணியோ தொட்டில நிரப்புனதும் பிளீச்சிங் பவுடர் போடுங்க, சுமாரா 1000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம். நேரா தொட்டில கொட்டக்கூடாது, ஒரு வாளில கரைச்சு சுண்ணாம்பு அடில தங்குனதும் மேல தெளிஞ்சத மட்டும் ஊத்தணும், ஒரு மணி நேரம் விட்டுத்தான் எடுக்கணும். பவுடர் பழசுன்னா வீரியம் போயிருக்கும், மூடிய திறந்தா வாடை மூக்குல ஏறணும். குடிக்கிற தண்ணிய கொதிக்க வச்சு ஆத்துனா இன்னும் நல்லது. மீனுக்கு போடுத ஐஸ் கட்டிய உடைச்சு மோர்லயும் பானக்காரத்துலயும் போடுத பழக்கம் இருக்கு, தயவு செஞ்சு வேண்டாம், அந்த ஐஸ் எந்த தண்ணில உறைஞ்சுதுன்னு யாருக்கும் தெரியாது.

கை விஷயத்துல நான் கொஞ்சம் கறார். கைல புண்ணு, நகச்சுத்து, கட்டி இருக்குதவங்க அன்னைக்கு விறகு தள்ளட்டும், கணக்கு எழுதட்டும், சாப்பாட்ட தொட வேண்டாம். ஸ்டெபைலோகாக்கஸ்னு ஒரு கிருமி நம்ம மூக்குலயும் புண்ணு சீழ்லயும் குடியிருக்கு, அதுவும் விஷம் கக்குற சாதி, அந்த விஷமும் கொதிச்சா போகாது. கொடைல சாமிக்கு படைக்குத படப்புக்கு முட்ட அவிப்போம்லா, நூறு முட்டைய சாயங்காலமே அவிச்சு, நாலஞ்சு பேரு சுத்தி உக்காந்து கத பேசிக்கிட்டே ஓட்ட உரிச்சு அண்டாவுல போடுவாவ, நடுவுல மூக்க துடைப்பாவ, போன் வந்தா எடுப்பாவ, அந்த முட்ட நடுச்சாமம் வர கிடந்து பொறவு பிரசாதமா போவும். அவிக்கிறதே ராத்திரி பத்து மணிக்கு மேல வச்சா என்ன, ஓட்டோட கிடந்தா என்ன? சாமி கோவிக்கவா போகுது. உரிக்க முன்ன சோப்பு போட்டு 20 செகண்டு கைய தேய்ச்சு கழுவணும், கக்கூசுக்கு போயிட்டு வந்தா கேக்கவே வேண்டாம்.

கறிக்கு வாரேன், இங்கதான் ஜாஸ்தி பேசணும். சாமக்கொடைக்கு கிடா வெட்டி, வாழையிலைய விரிச்சு துண்டு போட்டு, விடிய விடிய அடுப்புல ஏத்துதோம். வெட்டுன கறி காத்திருக்க வேண்டி வந்தா கவர்ல கட்டி ஐஸுக்குள்ள வைங்க, இல்லன்னா துண்டு வர வர அடுப்புக்கு அனுப்புங்க. கோழின்னா குழாய்க்கு அடில பிடிச்சு சர்ருன்னு கழுவாதீங்க, அந்த தண்ணி தெறிச்சு பக்கத்துல நறுக்கி வச்ச வெங்காயத்துல போயி விழும், சால்மோனெல்லாங்குற கிருமியும் அதோட போவும். கழுவித்தான் ஆகணும்னா ஒரு சட்டி தண்ணிக்குள்ள முக்கி மெதுவா அலசுங்க, தண்ணிய தூரமா ஊத்துங்க. கறி வெட்டுன அருவாமனைல வெங்காயம், வெள்ளரிக்கா நறுக்கக்கூடாது, ரெண்டு தனித்தனி, முடியலன்னா காய மொத நறுக்கிட்டு கறிய கடைசில. வெந்துச்சான்னு பாக்க துண்டுக்கு நடுவுல 75 டிகிரி வரணும். குத்திப் பாக்குத தெர்மாமீட்டர் சில நூறு ரூவாய்க்கு கிடைக்கு, ஊரு கொடை கமிட்டில ஒண்ணு வாங்கிப் போட்டா வருஷக்கணக்கா கிடக்கும்.

கறி வெந்த பொறவுதான் பெரிய தப்பு நடக்கு. அண்டா நிறைய கறிக்கொழம்ப விடியக்காலம் மூணு மணிக்கு இறக்கி மூடி வச்சிட்டு எல்லாரும் சாமியாட்டம் பாக்க போயிருதோம், மத்தியானம் பந்தில மேலாக்க சூடு பண்ணி ஊத்துதோம். அண்டா பெருசு, உள்ள ஆறவே ஆறாது, மணிக்கணக்குல வெதுவெதுன்னு நிக்கும். கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ்னு ஒரு கிருமி, பேர சொல்லி முடிக்கிறதுக்குள்ள பெருகிரும் போல, 45 டிகிரி பக்கத்துல அதுக்கு இரட்டிக்க 10 நிமிஷமே போதும். அந்த கொழம்ப சாப்ட்டா 6ல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள வயித்த முறுக்கி வயித்தால போவும், வாந்தி ஜாஸ்தி இருக்காது.

ஒரே ஆறுதல், இந்த கிருமிய திரும்ப நல்லா கொதிக்க வச்சா சாவும், விஷத்த அது நம்ம வயித்துக்குள்ள போயித்தான் கக்கும். அதனால கறிக்கொழம்புக்கு ரெண்டு வழி. ஒண்ணு, அடுப்புல தணல வச்சு 60க்கு மேல விட்டுருங்க, ஆள் ஒருத்தர் அங்கனயே படுத்துக்கிடட்டும். ரெண்டாவது, வாய் அகலமான சருவத்துல மூணு விரக்கட உயரத்துக்கு பிரிச்சு ஊத்தி, ஐஸ் தண்ணித் தொட்டில வச்சு கிண்டி ஆத்தணும், 2 மணி நேரத்துல 21 டிகிரிக்கு வரணும், அடுத்த 4 மணி நேரத்துல 5க்கு, பொறவு பிரிட்ஜு. நம்ம கொடைக்கு மொத வழிதான் நடக்கும், உண்மைய சொன்னா. ஊத்த முன்ன ஓரத்துல குமிழி விட்டா போதும்னு இறக்கக்கூடாது, அடி வர கிண்டி நடுவுல தளதளன்னு கொதிக்கணும்.

மீனுக்கு ஒரு வார்த்த. தூத்துக்குடில இருந்து சூரை வாங்கிட்டு வந்தா வார வழி பூரா ஐஸுக்குள்ள இருக்கணும். வெயில்ல கிடந்த சூரைல கிருமி ஹிஸ்டமின்னு ஒரு விஷத்த ஊற வைக்கும், சாப்ட்ட கொஞ்ச நேரத்துல முகம் செவந்து தலைவலிக்கும், நல்லா வறுத்தாலும் அது போகாது.

மோந்து பாத்தோம், நல்லாத்தான் இருந்துச்சும்பாவ. சாப்பாட்ட ஊச வைக்கிற கிருமி வேற, வாந்தி எடுக்க வைக்கிற கிருமி வேற. எங்க வீட்டு சோத்துல அன்னைக்கு ஒரு வாடையும் இல்ல, நூலும் விடல.

மிஞ்சுனது. எங்க ஆச்சி சுண்டக்கறி வைக்கிறத பாத்திருக்கேன், கல்யாணத்துல மிஞ்சுன சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாத்தையும் ஒண்ணா போட்டு சுண்ட வைப்பா. ஆனா கடைசிப் பந்தி எந்திரிக்க முன்னாலயே அடுப்புல ஏத்திருவா, சாயங்காலம் வர கிடந்தத தொட மாட்டா. நாம இப்ப மறுநாள் காலைல ஞாபகம் வந்து ஏத்துதோம், அதுக்கு பேரு சுண்டக்கறி இல்ல. மிஞ்சுன சோத்துல சூடு தணிஞ்ச உடனே தண்ணி ஊத்துனா புளிக்கிற கிருமி முந்திக்கிட்டு மத்தத அடக்கும், பழையது நம்ம வயித்துக்கு ஒத்துக்கிடுறதுக்கு அதுதான் காரணம். மத்தியானம் பூரா வெதுவெதுன்னு கிடந்த சோத்துல ராத்திரி தண்ணி ஊத்துனா அந்த கணக்கு செல்லாது. தூக்குச்சட்டில கொடுத்து விடும்போது எப்ப ஆக்குனதுன்னும் சொல்லி விடுங்க, பஸ்ல ரெண்டு மணி நேரம் போறவங்களுக்கு சொதிய கொடுக்காதீங்க, அல்வாவ கொடுங்க.

வெளிய கேட்டரிங் விட்டா 14 நம்பர் உள்ள உணவு பாதுகாப்பு லைசென்ஸ காட்ட சொல்லுங்க, முகம் சுளிச்சா வேற ஆள பாருங்க. ஒவ்வொரு ஐட்டத்துலயும் ஒரு கரண்டி சுத்தமான டப்பாவுல எடுத்து பிரிட்ஜுல ரெண்டு மூணு நாள் வச்சுக்கிடுங்க, ஏதாவது ஆனா டெஸ்டுக்கு கொடுக்கலாம், எதுல கோளாறுன்னு சண்ட போட வேண்டாம்.

அப்படியும் யாருக்காவது வயித்தால போச்சுன்னா கொதிச்சு ஆறுன 1 லிட்டர் தண்ணில தலை வழிச்ச 6 டீஸ்பூன் சீனி, அர டீஸ்பூன் உப்பு, கலக்கி கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துக்கிட்டே இருங்க. பிள்ளைகளுக்கு வயித்தால போறத நிறுத்துத மாத்திரைய நீங்களா கொடுக்காதீங்க. ரத்தம் போனா, காய்ச்சல் ஏறுனா, ஒண்ணுக்கு போகவே இல்லன்னா, மாசமா இருக்குத பொண்ணுன்னா, வயசானவங்கன்னா யோசிக்காம 108க்கு போன் போடுங்க.

இந்த ஆடிக் கொடைக்கு அதே தவசுப்பிள்ளையத்தான் பேசியிருக்கு. மூணு ஈடா சோறு வடிக்க ஒத்துக்கிட்டாரு, விறகுக்கு மட்டும் தனியா துட்டு கேக்காரு.