மலையகத்தில் உங்கள் போன் எத்தனை மணிக்குச் சாகும்?

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போன முதல் நாள், பிற்பகல் மூன்றரைக்கே என் ஐபோன் 13 கறுத்துப் போய்விட்டது. காலை ஏழு மணிக்கு நூறு சதவீதம் காட்டிய போன். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கொழுந்து மலையில் கொஞ்சம் படம் எடுத்தேன், வாட்ஸ்அப்பில் இரண்டு தடவை பேசினேன், அவ்வளவுதான். டொராண்டோவில் இதே போன் இரவு பத்து மணிக்கும் முப்பது சதவீதத்தோடு படுக்கைக்கு வரும்.

"என்னா மாமா, லட்ச ரூவா போனு, அதுக்குள்ள படுத்துருச்சு?" என்றான் அக்கா மகன். அவன் கையில் சாம்சங் ஏ15. அதில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"குளிருதான், வேற என்னா?" என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டு ரொட்டியைத் திருப்பப் போய்விட்டார்.

அக்காவை எதிர்த்துப் பேச முடியாது. ஆனால் குளிர் காரணமில்லை. லித்தியம் பேட்டரி குளிரில் சுணங்கும் என்பது உண்மை. உள்ளே ரசாயனம் மெதுவாகி, மின்தடை கூடி, சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே போன் அணைந்துவிடும். அதெல்லாம் உறைநிலையை ஒட்டியும் அதற்குக் கீழேயும்தான் பெரிதாகத் தெரியும். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவிலேயே இரவுக் குளிர் பொதுவாகப் பத்து டிகிரியைச் சுற்றித்தான். தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும், அப்போதும் போன் நம் சட்டைப் பையின் சூட்டில் இருக்கும். டொராண்டோவின் ஸ்காபரோவில் ஜனவரி மாதம் பஸ்ஸுக்கு நின்ற போனுக்கு இது ஒரு குளிரா?

திருடன் வேறு. அன்றிரவு சார்ஜ் ஏற்றி, செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எந்த ஆப் எவ்வளவு தின்றது என்ற பட்டியலில், கேமராவுக்கும் மேலே, 'கவரேஜ் இல்லை' என்று ஒரு வரி. நான் தொடாத நேரமெல்லாம் போன் சிக்னல் கோபுரத்தைத் தேடி அலைந்திருக்கிறது.

கோபுரம் பக்கத்தில் இருந்தால் போன் கிசுகிசுத்தாலே போதும், ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவான சக்தியில் வேலை முடிந்துவிடும். இடையில் ஒரு மலை நின்றால் கத்த வேண்டும். 4ஜி போன் அதிகபட்சம் சுமார் 200 மில்லிவாட் வரை போகும். கொழுந்து மலையின் ஒரு மடிப்பில் கவரேஜ் இருக்கும், அடுத்த மடிப்பில் இருக்காது. நாள் முழுக்கக் கத்தியும் காது குடுத்தும் அலைகிற போன் மாலைக்குள் களைத்துப்போகாமல் என்ன செய்யும்? அக்கா வீட்டில் சமையலறை ஜன்னல் கட்டையில் வைத்தால் இரண்டு கோடு, கட்டிலில் போட்டால் ஒன்றுமில்லை. மறுநாள் ஜன்னல் கட்டையே போனின் இருப்பிடம் என்று முடிவு செய்தேன். அதே படங்கள், அதே பேச்சு, இரவு எட்டு வரை தாங்கியது.

அப்படியென்றால் மருமகனின் சாம்சங் ஏன் தாங்கியது? இரண்டு காரணம். முதலாவது வெறும் கணக்கு. ஏ15-இல் 5,000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) பேட்டரி. ஐபோன் 13-இல் புதிதாக வாங்கும்போதே சுமார் 3,240தான், என்னுடையதில் பேட்டரி ஆரோக்கியம் 84 சதவீதம் ஆகிவிட்டது. ஆக என் கையில் இருந்தது ஏறக்குறைய 2,700. அவனுடையதில் பாதியை விடக் கொஞ்சம் கூட. நகரத்தில் இந்த வித்தியாசம் தெரியாது, ஐபோன் சிக்கனமாகச் செலவழித்துச் சமாளித்துவிடும். சிக்னல் தேடுவதில் அந்தச் சிக்கனம் அவ்வளவாக எடுபடாது.

இரண்டாவது காரணம் என் முட்டாள்தனம். என் போனில் கனடா சிம்மும் உள்ளூர் சிம்மும் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு சிம்மும் தனித்தனியாக வலையைத் தேடும். வங்கியிலிருந்து ஓடிபி வரும் என்று வெளிநாட்டு சிம்மைத் திறந்தே வைத்திருப்பது நம்மில் பலருக்கு வழக்கம். அணைத்துவிடுங்கள். பணம் அனுப்ப வேண்டிய நேரத்தில் ஐந்து நிமிடம் திறந்தால் போதும்.

கடையில் போன் பார்க்கும்போது '20 மணி நேர வீடியோ' என்று எழுதியிருப்பதை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். அது போனில் ஏற்கெனவே இருக்கும் வீடியோவை ஓடவிட்டுப் பார்த்த கணக்கு. அதில் மலையும் இல்லை, சுரங்கமும் இல்லை. உங்கள் போனைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியதை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, ஒரு முழு நாள் வெறும் மொபைல் டேட்டாவில் வெளியே திரியுங்கள். மேப் பார்க்கவும், படம் எடுக்கவும், ஒருவரோடு வீடியோவில் பேசவும். காலை, மதியம், மாலை சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு போன் இருந்தால் இரண்டையும் ஒரே பையில் கொண்டுபோய் ஒரே வேலையைக் கொடுங்கள், எது பயணப் போன் என்று அன்றைக்கே தெரியும். அந்தச் சோதனையில் மாலை ஆறு மணிக்கு நாற்பதுக்குக் கீழே நின்றால், மலையகத்தில் அது மதியத்தைத் தாண்டுவதே கஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது என் அனுபவக் கணக்கு, எந்த ஆய்வுக் கணக்கும் இல்லை.

கோச்சிப் (ரயில்) பயணம் தனிக்கதை. கொழும்பு–பதுளைப் பாதையில் மொத்தம் 46 சுரங்கங்கள். ஹட்டனைத் தாண்டியதும் வரும் சிங்கமலைச் சுரங்கம் அரை கிலோமீட்டருக்கும் மேல். ஒவ்வொன்றிலும் சிக்னல் அறுந்து, வெளியே வந்ததும் போன் மறுபடி முதலிலிருந்து தேடத் தொடங்கும். பட்டிப்பொலவைத் தாண்டி ஓஹிய, இதல்கஸ்ஹின்ன பக்கம் சுரங்கம் இல்லாத இடத்திலும் கவரேஜ் விட்டு விட்டுத்தான் வரும். அந்த நேரத்தில்தான் எல்லாரும் வாசலில் தொங்கி வீடியோ எடுத்து உடனே ஸ்டேட்டஸ் போடப் பார்க்கிறார்கள். போகாத வீடியோவை போன் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும், சூடாகும், சதவீதம் கண் முன்னே இறங்கும். நானுஓயா தாண்டியதும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். கேமரா வேலை செய்யும், ஜிபிஎஸ்ஸும் வேலை செய்யும். மேப்பைக் கொழும்பிலேயே இறக்கி வைத்திருந்தால் எந்த ஸ்டேஷன் என்றும் தெரியும். ஹப்புத்தளையில் ஸ்டேட்டஸ் போட்டுக்கொள்ளலாம், மலை எங்கும் ஓடிப்போகாது. (மண்சரிவு வந்தால் பாதையை மூடிவிடுவார்கள், கோச்சி எதுவரை ஓடுகிறது என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.)

அதோடு, புகைப்படங்களைத் தானாகக் கிளவுடுக்கு ஏற்றும் வசதியை வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவின் காலை வணக்க வீடியோக்கள் தானாக இறங்குவதையும் நிறுத்துங்கள். சித்தி கோபிக்க மாட்டார்.

இனி சார்ஜ் ஏற்றும் இடம். இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட். இப்போதைய போன் சார்ஜர்கள் 100 முதல் 240 வரை தாங்கும், டிரான்ஸ்போர்மர் வேண்டாம், பிளக் மட்டும் மாற வேண்டும். புதிய கட்டடங்களில் லண்டனில் இருப்பது போன்ற சதுரப் பின் பொயின்ட் (பிளக் செருகும் இடம்). பழைய வீடுகளிலும் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலும் மூன்று உருண்டைப் பின் பொயின்ட் இன்னும் நிறைய. ஆகவே லண்டன்காரர்களும் அடப்டர் கொண்டுபோகத்தான் வேண்டும். சதுரப் பொயின்டின் மேல் துளையில் பேனாவைச் செருகி ஐரோப்பியப் பிளக்கை உள்ளே தள்ளும் வித்தையை யாராவது கற்றுத் தருவார்கள். கற்றுக்கொள்ளாதீர்கள்.

லயத்தின் ஒரு காம்பராவில் (அறையில்) ஒரே ஒரு பொயின்ட் இருக்கலாம். அதில்தான் டீவி, அதில்தான் கேத்தல், அதில்தான் பிள்ளையின் படிப்பு விளக்கு. விருந்தாளி என்பதற்காக டீவியைக் கழற்றிவிட்டு உங்கள் போனைச் செருகுவார்கள், நீங்கள் வேண்டாம் என்றாலும். அந்த இக்கட்டைத் தவிர்க்க ஒரே வழி பவர் பேங்க். எல்லாரும் தூங்கியபின் இரவில் அதை ஏற்றுங்கள், பகலில் போனை அதில் ஏற்றுங்கள். 10,000 எம்ஏஎச் என்றால் 37 வாட் மணி. வழியில் மூன்றில் ஒரு பங்கு வீணாகும். என் ஐபோனை இரண்டு முறைக்குக் கொஞ்சம் மேலாகவே நிரப்பும், ஏ15-ஐ ஒன்றேகால் முறை. குடும்பமாகப் போனால் 20,000 வாங்குங்கள். அது 74 வாட் மணி, விமானத்தின் 100 வாட் மணி எல்லைக்குள் அடங்கும். கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டிக்குள் போடக் கூடாது. எமிரேட்ஸில் வருகிறவர்கள் கவனியுங்கள்: 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒரு பவர் பேங்க்தான், விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் முடியாது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும்போது போனில் சார்ஜ் இருக்க வேண்டுமானால் ஆசனத்து யுஎஸ்பியை நம்புங்கள்.

2022-இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் போன காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் காற்று மழையில் ஒரு மரம் கம்பியில் விழுந்தால் தோட்டம் முழுக்க இருட்டுத்தான். 2025 பெப்ரவரியில் பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதை நீங்களும் படித்திருப்பீர்கள்.

சிவனொளிபாதமலை ஏறுகிறவர்களுக்கு ஒன்று. நல்லதண்ணிப் பக்கமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இரவு இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கினால்தான் சூரியோதயம். டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரையான சீசனில் வழியெல்லாம் விளக்கு, மற்ற மாதங்களில் கும்மிருட்டு. போன் டார்ச்சை நம்பி ஏறினால் உச்சியில் படம் எடுக்கப் போன் இருக்காது. தலையில் மாட்டும் டார்ச் ஒன்று தனியாகக் கொண்டுபோங்கள்.

ஊருக்குக் கொடுக்கவென்று பழைய ஐபோனைப் பெட்டியில் வைக்கிறீர்களா? கொடுக்குமுன் பேட்டரி ஆரோக்கியத்தைப் பாருங்கள். ஐபோன் 14 வரையிலான போன்களை 500 சார்ஜ் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் மிஞ்சும்படி வடிவமைத்திருக்கிறார்கள். நாலு வருடம் நீங்கள் பாவித்த போன் அந்த எல்லையைத் தாண்டியிருக்கும். சிக்னல் இல்லாத மலையில் அதைக் கொடுத்தால், மதியத்துக்குள் சாகும் போனும் அந்த வீட்டில் யாரிடமும் இல்லாத லைட்னிங் கேபிளும்தான் உங்கள் பரிசு. பேட்டரியைப் புதிதாக மாற்றி, கேபிளையும் சேர்த்துக் கொடுங்கள். நான் மருமகனுக்கு என் பழையதைக் கொடுக்கலாம் என்றுதான் போனேன். அவன் சிரித்துக்கொண்டே, "பவர் பேங்க விட்டுட்டுப் போங்க மாமா, அது போதும்" என்றான்.

இப்போது அக்காவின் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன். அந்த முதல் நாள் போன் செத்தபோது, தோட்டத்து டிரைவரிடம் போன் வாங்கி யாரையாவது கூப்பிடலாம் என்றால், எனக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்த ஒரே நம்பர் டொராண்டோவில் இருந்த என் வீட்டு நம்பர்தான்.