மலையேறிச் சறுக்குவோருக்கு எந்த பைண்டிங் ஏற்றது?

சென்னையிலிருந்து குல்மார்க்குக்கோ ஔலிக்கோ சென்று, கேபிள் காரை நம்பாமல் தம் காலாலேயே பனிமலை ஏறிச் சறுக்கி இறங்க விரும்புவோர், பூட்ஸைப் பனிச்சறுக்குப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கைத் தேர்ந்தெடுப்பதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். பூட்ஸின் முனையையும் குதிகாலையும் ஒரே சட்டகத்தில் பிடிக்கும் பழைய சட்டக வகையில் ஒவ்வோர் அடிக்கும் குதிகாலோடு சட்டகமும் மேலெழும். அதன் எடை ஒரு காலுக்கு 1 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. ஆஸ்திரியரான ஃபிரிட்ஸ் பார்தெல் 1980களில் உருவாக்கிய ஊசி வகையிலோ, பூட்ஸின் முனை இரண்டு ஊசிகளுக்கிடையே சுழல, பைண்டிங்கின் குதிகால் பாகம் பலகையிலேயே தங்கிவிடுவதால், ஏற்றத்தில் களைப்பு வெகுவாகக் குறைகிறது. உங்கள் பூட்ஸில் அந்த ஊசிகளுக்கான உலோகக் குழிகள் இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள்.

எடை குறைவு என்பதற்காகவே 150 கிராம் பந்தய வகையை வாங்கிவிட வேண்டாம். அவற்றில் பலவற்றுக்கு, கழன்ற பலகை சரிந்தோடாமல் தடுக்கும் பிரேக் இருக்காது. விழும்போது பூட்ஸை விடுவிக்கும் விசையையும் நம் எடைக்கேற்ப மாற்ற இயலாது. முழங்காலைக் காப்பது அந்த விசைதான் என்பதால், அதை மாற்றியமைக்க வசதியுள்ள, 300 முதல் 400 கிராம் வரையிலான பைண்டிங்கே புதியவர்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. தேய்மானம் மிகுந்த இடங்களில் பிளாஸ்டிக்குக்குப் பதிலாக அலுமினியமோ எஃகோ இருந்தால் நெடுநாள் உழைக்கும்.

ஊர் திரும்பியதும் நன்கு துடைத்து உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வையுங்கள். நம் கடற்காற்று எஃகுச் சுருள்வில்லை எளிதில் துருப்பிடிக்க வைத்துவிடும்.