தார்ச்சாலைக்கு அடியில் டிராம் பாதை: தோண்டி மதிப்பிடுவது எப்படி

பழைய வரைபடத்தில் டிராம் கோடு இருந்தால் தண்டவாளமும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். தண்டவாளத்தைப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டு, அதைத் தாங்கிய கட்டைகளை மட்டும் மண்ணில் விட்ட ஊர்கள் உண்டு. முதலில் தரை ஊடுருவும் ரேடாரை ஓட்டுங்கள், அதுவும் பாதைக்குக் குறுக்கே. தண்டவாளத்தின் மேலேயே நீளவாக்கில் ஓட்டினால் அது தட்டையான பட்டையாகத் தெரியும். ஏதோ மண் அடுக்கு என்று தாண்டிவிடுவோம். குறுக்கே போனால் இரண்டு வளைவுகள், ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறாத இடைவெளியில் வரும். குடிநீர்க் குழாயும் வளைவாகத்தான் தெரியும், ஆனால் இப்படி ஜோடி சேராது. கம்பி கட்டிய கான்கிரீட் மேலே இருந்தால் ரேடாரை நம்பாதீர்கள்.

மின்கேபிள், எரிவாயுக் குழாய் போகும் தடங்களைக் குறித்த பிறகே குழி. அது பாதைக்குக் குறுக்கே, இரட்டைப் பாதை என்றால் இரண்டையும் தாண்டி நீள வேண்டும். அகலம் 1.5 மீட்டராவது வேண்டும். அப்போதுதான் ஸ்லீப்பர் கட்டை இரண்டேனும் அகப்படும். தாரை மெஷினில் அறுத்து எடுங்கள். பிறகு மண்வாரி இயந்திரத்தில் பல் இல்லாத பக்கெட்; தண்டவாளத்தின் தலை தெரிந்ததும் கைக்கரணைதான். பக்கெட்டைக் கொடுத்து நெம்பினால் இரு தண்டவாளங்களை இழுத்துப் பிடிக்கும் கம்பி வளைந்துவிடும், அவற்றுக்கு இடைப்பட்ட அகலமும் பொய்யாகிவிடும்.

அந்த அகலத்தைத் தலைகளின் உள்முகத்திலிருந்து உள்முகத்துக்கு அளக்க வேண்டும், தலையிலுள்ள பள்ளத்தின் நடுவிலிருந்து அல்ல. 1435 மில்லிமீட்டர் என்றால் ஸ்டாண்டர்டு கேஜ், 1000 என்றால் மீட்டர் கேஜ். ஒரே இடத்தில் அளந்து முடிவு கட்டாமல் மூன்று இடத்திலாவது பாருங்கள்.

அடுத்தது தண்டவாளத்தின் இடுப்பு, அதாவது தலைக்கும் அடிக்கும் நடுவே உள்ள மெல்லிய பகுதி. நைலான் பிரஷால் துருவைத் தட்டி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அதை உருட்டிச் செய்த ஆலையின் பெயர், எடை, ஆண்டு புடைப்பெழுத்தில் தெரியலாம். '90' என்றிருந்தால் பெரும்பாலும் கெஜத்துக்கு 90 பவுண்டு, அதாவது மீட்டருக்குச் சுமார் 44.6 கிலோ. ஆண்டைப் பார்த்ததும் பாதையின் வயது கிடைத்துவிட்டதாகத் துள்ள வேண்டாம். அது இரும்பு உருண்ட ஆண்டு. வேறு பாதையில் ஓய்ந்த தண்டவாளத்தைக் கொண்டுவந்து போட்டிருக்கலாம். அந்தத் தண்டவாளத்தை அந்த ஆண்டுக்கு முன் பதித்ததில்லை என்பது மட்டும் உறுதி.

இணைப்பில் செம்புக் கம்பி இருந்தால் மின்டிராம்: மின்சாரம் திரும்பும் வழி தண்டவாளம்தான். குதிரை டிராமுக்கு அது தேவையே இல்லை. இரு தண்டவாளங்களுக்கு நடுவில் நீளப் பிளவும் கீழே கால்வாயும் இருந்தால் உள்ளே எட்டிப் பாருங்கள். கப்பிச் சக்கரம் என்றால் கம்பிவடம் இழுத்த வண்டி. பீங்கான் இன்சுலேட்டர் என்றால் அடியிலிருந்து மின்சாரம் எடுத்த வண்டி.

உண்மையில் இரும்பைவிட அதன் பக்கவாட்டு மண்தான் அதிகம் பேசும். பாவுகல், மணல், ஜல்லி, கான்கிரீட் என்று குழிச்சுவரை அடுக்கடுக்காக வரையுங்கள். பாவுகல்லை வெட்டிப் பதித்த வாய்க்கால் தெரிந்தால் சாலை முந்தியது, பாதை பிந்தியது. கட்டையில் கிரியோசோட் (மரம் அழுகாமலிருக்கப் பூசும் எண்ணெய்) வாடை அடித்தால் கையுறை போடுங்கள், தோலை எரிக்கும். அந்த மண்ணைத் தனியே குவியுங்கள்.

பாவுகல்லோடு அசையாமல் கிடக்கும் பத்து மீட்டர், கழற்றிய நூறு மீட்டரைவிட மதிப்பு. அப்படிப்பட்ட துண்டை எடுக்காமல் விட்டு, ஜியோடெக்ஸ்டைல் துணி (மண் கலக்காமல் தடுக்கும் செயற்கைத் துணி) விரித்து மணல் போட்டு மூடுங்கள். மூடுமுன் இரு முனைகளின் ஆயத்தொலைவையும் தலையின் மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.