கப் என்றால் கப், கப்பு அல்ல

வேலூர் சத்துவாச்சாரியில் சாயங்கால வேளையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். வருபவர்கள் பெரும்பாலும் நர்சிங் படிக்கும் பிள்ளைகள். இலக்கணமெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. சிக்கல் வாயில்தான், அதுவும் அசை, அதாவது சிலபிள், முடியும் இடத்தில்.

தமிழ்ச் சொல் எதுவும் க், ட், ப் போன்ற வல்லின மெய்யில் முடியாது. பாக்கு, பாட்டு, உப்பு என்று கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். பள்ளியில் படித்தோமே, அந்தக் குற்றியலுகரம்தான். ஆங்கிலம் பேசும்போதும் அது விடாமல் கூடவே வரும். ஓரசைச் சொல்லான கப், கப்பு என்று இரண்டு அசையாகிவிடும்.

கண்ணாடி முன் நின்று 'கப்' சொல்லுங்கள். நாக்கின் பின்பகுதி மேலே ஒட்டி விலகும், தாடை இறங்கும், அப்புறம் உதடுகள் மூடும். மூடியதும் அப்படியே நிறுத்துங்கள். ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுச் சத்தமில்லாமல் திறங்கள். தொண்டையில் ஒரு விரல் இருக்கட்டும்; உதடு திறந்த பிறகு அங்கே அதிர்ந்தால் 'உ' நுழைந்துவிட்டது என்று பொருள்.

இதைவிட நுணுக்கமானது ஒன்று உண்டு. தொப்பியும் கேப் (cap), வாடகைக் காரும் கேப் (cab). இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். காருக்கு நடுவிலுள்ள உயிரைக் கொஞ்சம் இழுங்கள், தொப்பிக்கு வெட்டென்று நிறுத்துங்கள். ஆங்கிலேயர் காது பெரும்பாலும் இந்த நீளத்தை வைத்துத்தான் பிரித்தறியும். பலரும் கடைசி எழுத்தை அழுத்தி அழுத்திச் சொல்லி வீணாகக் களைத்துப்போகிறார்கள்.

அசையின் தொடக்கத்துக்குக் காட்பாடி–பாகாயம் டவுன் பஸ் டிக்கெட் ஒன்று போதும். உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு குண்டூசியைக் குறிக்கும் 'பின்' சொல்லுங்கள். காற்றில் டிக்கெட் துள்ள வேண்டும். நம் தமிழ் 'ப'வில் அவ்வளவு காற்று கிடையாது, அதனால் முதலில் அசையாது. அதே டிக்கெட் 'ஸ்பின்' சொல்லும்போது சும்மா இருக்க வேண்டும். ஸ் முன்னால் வந்தால் ஆங்கிலத்திலும் அந்தக் காற்று போய்விடும்.

'இஸ்கூல்' வருகிறவர்கள் தொண்டை அதிராமல் ஸ்ஸ்ஸ் என்று மூச்சை மட்டும் விட்டு, அதிலிருந்து நேராக 'கூல்' போங்கள். வகுப்பே சேர்ந்து செய்தால் பாம்புப் பண்ணை மாதிரி இருக்கும், பரவாயில்லை. அது படிந்ததும் 'ஸ்ட்ரீட்' எடுங்கள். முன்னால் மூன்று மெய். ஆங்கில அசையின் தொடக்கத்தில் அதற்கு மேல் வராது.