உரக்கடை, எஃப்பிஓ கணக்கு: ஜிஎஸ்டி விகிதம் மாறினால் டேலியில் என்ன செய்வது?

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது விவசாயப் பொருள்கள் நிறையவே அதில் இருந்தன. டிராக்டர் 12 சதவீதத்திலிருந்து 5, டிராக்டர் டயரும் ட்யூபும் 18-லிருந்து 5, சொட்டுநீர், தெளிப்புநீர்க் கருவிகள் 12-லிருந்து 5, பட்டியலிடப்பட்ட உயிரிப் பூச்சிக்கொல்லிகளும் அப்படியே. நாளைக்கு வேறு பொருளுக்கு மாறினாலும் கணக்கில் செய்ய வேண்டியது இதேதான், அதனால் இந்தத் தேதியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

இது யாருக்கு என்றால், உரக்கடைக்கும் எஃப்பிஓ எனும் உழவர் உற்பத்தியாளர் அமைப்புக்கும்தான், தன் நிலத்தில் விளைந்ததை மட்டும் விற்கும் விவசாயிக்கு இல்லை, அவருக்கு ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. ஆனால் சட்டம் விவசாயி என்று சொல்வது தனிநபரையும் இந்துக் கூட்டுக் குடும்பத்தையும்தான். எஃப்பிஓ என்பது கம்பெனியாகவோ கூட்டுறவுச் சங்கமாகவோ பதிவான அமைப்பு, உறுப்பினர் எல்லாரும் விவசாயிகளாக இருந்தாலும் அந்தச் சலுகை அதற்குக் கிடையாது.

முதலில் பேக்கப் எடுங்கள். அப்புறம் டேலி பிரைம் கணக்கு மென்பொருளில் ஸ்டாக் ஐட்டத்தைத் திறந்து விகிதத்தை மாற்றும்போது, எந்தத் தேதியிலிருந்து அமல் என்று கேட்கும் இடத்தில் 22-9-2025 என்று கொடுங்கள். அங்கே பலர் என்டரைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். தேதி ஏப்ரல் 1 என்று விழுந்துவிட்டால், பின்னாளில் ஜூலை மாத பில் ஒன்றை ஏதோ காரணத்துக்காகத் திறந்து சேமிக்கும்போது அதில் 5 ஏறி, தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை அறிக்கைக்கும் கணக்குக்கும் ஒத்துப்போகாது. தேதி சரியாக இருந்தால் பழைய 12 வரலாற்றில் அப்படியே இருக்கும், பில் தேதியைப் பார்த்து டேலியே சரியானதை எடுத்துக்கொள்ளும்.

நிறைய ஐட்டம் இருந்தால் ஜிஎஸ்டி ரேட் செட்டப் பக்கத்தில் மொத்தமாகத் தேர்ந்து மாற்றலாம். வேகமான வழிதான், ஆனால் உரக்கடைக்கு ஆபத்தான வழியும் அதுதான். 3808 என்ற ஒரே எச்எஸ்என்னில்தான் (பொருளை வகைப்படுத்தும் எண்) டிரைக்கோடெர்மா விரிடி என்ற உயிரி மருந்தும் வேப்பம் சார்ந்த மருந்தும் இருக்கின்றன, ரசாயனப் பூச்சிமருந்தும் இருக்கிறது. முன்னவை 5-க்கு வந்தன, ரசாயன மருந்து 18-லேயே நிற்கிறது. ‘பூச்சிமருந்து’ என்ற ஸ்டாக் குரூப்புக்கே 5 போட்டுவிட்டால் குறைவாக வாங்கிய 13 சதவீதத்தை விவசாயியிடம் திரும்பப் போய்க் கேட்க முடியாது, கைக்காசுதான் போகும். சொட்டுநீர் லேட்டரல் குழாய்க்கும் சாதாரண பிவிசி பைப்புக்கும் இதே கதை, பைப் இன்னும் 18. இந்த இரண்டு குரூப்பையும் ஐட்டம் ஐட்டமாகவே பாருங்கள், அரை நாள் போனாலும் பரவாயில்லை.

வரி லெட்ஜரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 12 சதவீதத்தில் மத்திய அரசின் பாதிக்கு ‘சிஜிஎஸ்டி 6%’ என்று லெட்ஜர் வைத்து அதிலேயே 6 என்று அடித்து வைத்திருப்பார்கள். ஒரே சிஜிஎஸ்டி, மாநிலப் பாதிக்கு ஒரே எஸ்ஜிஎஸ்டி லெட்ஜர் போதும், சதவீதம் 0, விகிதம் ஐட்டத்திலிருந்து வரட்டும்.

அடுத்தது விலை. வரி சேர்த்த விலையில் விற்பவர்கள் விகிதத்தை மட்டும் மாற்றிவிட்டு விலைப்பட்டியலை அப்படியே விடுவது ரொம்ப சகஜம். 12 சதவீதத்தில் 1,120 ரூபாய்க்கு விற்ற பொருளின் அடிப்படை விலை 1,000, புது விலை 1,050 ஆக வேண்டும். 1,120-ஐயே வைத்திருந்தால் டேலி அடிப்படை விலையை 1,066.67 என்று கூட்டிக் காட்டும், அந்த 66.67 கடைக்குப் போகிறது. குறைந்த வரியின் பலனை வாங்குபவருக்குத் தர வேண்டும் என்று சட்டத்தின் 171-ஆவது பிரிவே சொல்கிறது.

கடன் பாக்கி விஷயத்தில் குழம்ப வேண்டாம். சரக்கு, பில், பணம் ஆகிய மூன்றில் எந்த இரண்டு 22-க்கு முன்பா பின்பா என்று பாருங்கள். செப்டம்பர் 20 அன்று சரக்கும் பில்லும் கொடுத்து, அறுவடை முடிந்து பொங்கலுக்குப் பணம் வந்தாலும் 12-தான். ஆகஸ்டில் முன்பணம் வாங்கி அக்டோபரில் சரக்கும் பில்லும் கொடுத்திருந்தால் 5. சரக்கு முன்னால் போய் பில் பின்னால் போட்டவர்கள் ஆடிட்டரைக் கேளுங்கள், சரக்கு கிளம்பும்போதே பில் போட்டிருக்க வேண்டியது.

பழைய பில்லின் சரக்கு அக்டோபரில் திரும்பி வந்தால் கிரெடிட் நோட் 12-இல்தான் போட வேண்டும். டேலி அன்றைய தேதியைப் பார்த்து 5 எடுக்கும். எஃப்12 விசையைத் தட்டினால் வரும் அமைப்பில் ஜிஎஸ்டி விவரத்தை வவுச்சரிலேயே மாற்ற அனுமதி கொடுத்து 12 ஆக்கி, பழைய பில் எண்ணையும் தேதியையும் குறிப்பிடுங்கள்.

12-இல் வாங்கிய இருப்பை 5-இல் விற்றால், எடுத்த உள்ளீட்டு வரிக் கடனை (வாங்கும்போது கட்டிய வரியை, விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் தொகை) திருப்ப வேண்டியதில்லை, வரும் மாதங்களில் கழித்துக்கொள்ளலாம். விகிதம் குறைந்ததால் மட்டும் தேங்கிய தொகையை ரீஃபண்டாகக் கேட்டால் கிடைக்காது. பொருள் முழு விலக்குக்குப் போனால் விஷயம் வேறு, அப்போது இருப்புக்கான கடனைத் திருப்பியாக வேண்டும்.

செப்டம்பர் ஜிஎஸ்டிஆர்-1-இன் எச்எஸ்என் சுருக்கத்தில் ஒரே எச்எஸ்என் 12-க்கு ஒரு வரி, 5-க்கு ஒரு வரி என்று இரண்டாக வரும். பிழை என்று நினைத்து ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள், அப்படித்தான் வர வேண்டும்.