முதலாண்டு மாணவர் வீட்டிலிருந்து போய்வருவதா, விடுதியில் தங்குவதா?

பொறியியல் கலந்தாய்வில் இடம் உறுதியானதும் வீட்டில் எழும் அடுத்த கேள்வி இதுதான். பெரும்பாலோர் செலவை மட்டும் கணக்கிட்டு முடிவெடுக்கிறார்கள். நேரத்தை முதலில் அளக்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஒரு வேலை நாளில், வகுப்பு தொடங்கும் நேரத்துக்குள் கல்லூரி வாசலை அடையும்படி மாணவரே வீட்டிலிருந்து புறப்பட்டுப் பார்க்கட்டும். மாலையில் வகுப்பு முடியும் வேளையில்தான் திரும்பவும் வேண்டும். செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம் என்றாலும், நிலையத்துக்குப் போவது, நடைமேடையில் காத்திருப்பது, கிண்டியில் இறங்கிப் பேருந்து பிடிப்பது எல்லாம் சேரும்போது அது இரண்டு மணி நேரத்தை நெருங்கிவிடும். பொறியியல் வரைகலை வகுப்புள்ள நாளில், தாம்பரத்தில் கூட்டம் நெருக்கியடித்து ஏறும்போது, வரைபடம் வரைய உதவும் மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டி, சுருட்டிய வரைதாள்கள் கசங்காமல் நெஞ்சோடு அணைத்தபடி நிற்கும் மாணவரைப் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் எத்தகையது என்பது விளங்கும். வீடு திரும்பியபின் ரெக்கார்டு நோட்டு எழுத அவரிடம் தெம்பு மிஞ்ச வேண்டுமே.

ஒரு வழிப் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் வீட்டிலிருந்தே போய்வரலாம். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் விடுதியே நல்லது. இடைப்பட்ட தொலைவாக இருந்தால், வழியில் உட்கார இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிப் பேருந்தில் இடம் உறுதி. ஆனால் அது குறித்த நேரத்தில் கிளம்பிவிடும் என்பதால், மாலையில் நூலகத்திலோ ஆய்வகத்திலோ கூடுதலாக இருக்க முடியாது.

செலவுக்கு அஞ்சி விடுதியைத் தவிர்ப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்து, 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் தொழிற்கல்வி சேர்ந்தவர்களின் விடுதிக் கட்டணத்தையும் தமிழக அரசே ஏற்கிறது. மற்றவர்கள் மெஸ் கட்டணத்தைத் தீர விசாரிக்க வேண்டும். 'டிவைடிங் சிஸ்டம்' உள்ள விடுதிகளில் மாதச் செலவை மாணவர்களுக்குப் பகிர்வதால் தொகை மாதந்தோறும் மாறும். எனவே கடந்த சில மாதங்களின் மெஸ் பில்லைக் கேளுங்கள். ஊருக்குப் போன நாட்களுக்குக் கழிவு உண்டா, அதற்குக் குறைந்தது எத்தனை நாட்கள் விடுப்பு எடுக்க வேண்டும் என்பதையும் கேட்டறியுங்கள்.

விடுதியைப் பார்க்கச் செல்லும்போது அறையோடு நின்றுவிடாமல், காலை ஆறு மணிக்குக் குளியலறையில் தண்ணீர் வருகிறதா என்று அங்கு தங்கியிருக்கும் மாணவரிடமே கேளுங்கள். முதலாண்டு மாணவர்களுக்குத் தனிக் கட்டடம் உள்ளதா என்பதும் முக்கியம். பகடிவதையை (ராகிங்) தடுக்க, இயன்றவரை அவர்களைத் தனியே தங்கவைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பகடிவதை பற்றிப் புகார் தெரிவிக்க, 1800-180-5522 என்ற கட்டணமில்லா உதவி எண்ணை மாணவரின் கைப்பேசியில் சேர்த்துவைப்பது நல்லது.

முடிவு எதுவாயினும், நடு ஆண்டில் விடுதியைக் காலி செய்தால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும், போய்வரும் மாணவர் இரண்டாம் பருவத்தில் விடுதியில் சேர விரும்பினால் இடம் தருவார்களா என்ற இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன்பே விடுதி அலுவலகத்தில் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.